அசலில் உள்ளபடி

டைப் அடிக்கையில் வரி விட்டேன் என்று என்னை ஒருவர் சொன்னது ஒரே ஒரு முறை. அது கோர்ட்டில் இல்லை. ராஜபாளையத்தில், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். சொன்னவர் இரண்டு டிகிரி படித்தவர்.

நான் எட்டாவது. அதற்கு மேல் போகவில்லை. ஏன் போகவில்லை என்பது இங்கே தேவையில்லை. டைப் படித்தேன். தமிழும் இங்கிலீஷும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் பதினாறு வருடம் இருந்தேன். மனு, பத்திரம், வாக்குமூலம், தீர்ப்பு நகல். நகல் அடிக்க ஒரு முறை உண்டு. அசலில் இருப்பதை அப்படியே அடிக்க வேண்டும். அசலில் பிழை இருந்தால் பிழையையும் அடிக்க வேண்டும். திருத்துவது நம் வேலை இல்லை. பிழை கண்ணில் பட்டால் பக்கத்தில் ‘அசலில் உள்ளபடி’ என்று போட வேண்டும். போடாவிட்டால் பழி நம் தலையில் விழும். அடித்து முடித்ததும் ஒப்புப் பார்க்க வேண்டும். ஒருவர் அசலை வாசிப்பார். மற்றவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே போவார். கமா, புள்ளி, அடைப்பு எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் கண்ணால் மட்டும் பார்த்தால் அது ஒப்பு இல்லை.

கட்டடக்காரர் கடையைக் காலி பண்ணச் சொன்னார். இப்போது அங்கே பால்கோவா விற்கிறார்கள். ஊரில் பால்கோவா கடைக்குப் பஞ்சம் பாருங்கள்.

ராஜபாளையத்தில் ஆள் தேவை என்றார்கள். மடவார் வளாகத்தில் இருக்கும் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, பஸ் ஏறிப் போனேன். மாடியில் சென்டர். கதவில், அங்கே பாடம் நடத்தும் சாரின் பெயர். பெயருக்குப் பின்னால் இரண்டு டிகிரி. மூன்றாவதாக ஒன்றை அடைப்புக்குள் போட்டிருந்தார். அடைப்புக்குள் இருந்தால் இன்னும் முடிக்கவில்லை என்று அர்த்தமாம். முடிக்காததையும் கதவில் எழுதலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்படிப் பார்த்தால் என் பெயருக்குப் பின்னால் ஒன்பதாவது என்று போட்டிருக்கலாம்.

வேலை லேசானது. சார் பாடத்தை நீள நோட்டில் கையால் எழுதுவார். நீங்களே டைப் அடிக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

“நான் கான்செப்ட் ஆளும்மா” என்றார்.

அவர் எழுதியதை நான் சென்டரின் வெப்சைட்டில் ஒரு பெட்டிக்குள் அடிக்க வேண்டும். அடித்துவிட்டு நீலப் பட்டனை அமுக்கினால் பாடம் ஒரு பக்கமாக வெளியே வரும். படிக்க வந்தவர்கள் அதைப் போனில் பார்த்து நோட்டில் எழுதுவார்கள். எழுதிய நோட்டுக்கு ரெக்கார்டு என்று பெயர். அதில் சார் சிவப்புப் பேனாவால் டிக் போடுவார். சார் எதிரிலேயேதான் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் பாடம் போனில்தான். படிப்பு அம்புட்டுத்தான்.

கம்ப்யூட்டர் என்றால் என்ன, கீபோர்டு என்றால் என்ன என்று முதல் பாடங்கள் ஒழுங்காகப் போயின. அடுத்து, வெப் பேஜ் எப்படி எழுதுவது என்ற பாடம் வந்தது. நோட்டு முழுக்கக் கொக்கி. ஷிப்டை அமுக்கிக் கமாவை அடித்தால் ஒரு கொக்கி வரும். புள்ளியை அடித்தால் எதிர்க் கொக்கி வரும். இரண்டு கொக்கிக்கு நடுவில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை. எனக்கு அர்த்தம் தெரியாது. கோர்ட்டில் சட்டமும்தான் தெரியாது. அடித்தேன்.

பதினோரு பக்கம். முடித்துவிட்டு ஒப்புப் பார்க்க வாருங்கள் சார் என்று கூப்பிட்டேன்.

“இது என்ன கோர்ட்டாம்மா? அமுக்கு” என்றார்.

அமுக்கினேன். ஒப்புப் பார்க்காமல் விட்டது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். வேறு தப்பு என்னிடம் இல்லை.

அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். தளவாய்புரத்திலிருந்து ஒருத்தி வருவாள். கல்யாணமானவள். காலையில் நைட்டி தைத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் பஸ் பிடித்து வருவாள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கைவேலை சுத்தம். ஒருநாள் என்னிடம் ஸ்கேல் கேட்டாள். கொடுத்தேன். ரெக்கார்டு நோட்டில் ஒரு கட்டம் போட்டாள். உள்ளே ‘கிளிக்’ என்று எழுதினாள். பென்சிலைச் சாய்த்து ஓரத்தில் தேய்த்தாள்.

“யக்கா, நிழலும் போட்டாச்சு. மேல தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி தெரியுதா?”

தெரிந்தது. நன்றாகவே வரைந்திருந்தாள். கம்ப்யூட்டர் படிப்பில் இதுவும் இருக்கும் போல என்று நினைத்தேன். சார் டிக் போட்டார். பக்கத்தில் வெரி குட் என்றும் எழுதினார். மற்றவர்களும் வரைந்திருந்தார்கள். அவர்கள் கட்டம் கோணல். அவர்களுக்கு வெறும் குட்.

முதலாளிக்கு வேறு தொழில் உண்டு. சென்டருக்கு எப்போதாவது வருவார். அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவர், மேஜையில் அடுக்கியிருந்த ரெக்கார்டு நோட்டில் ஒன்றைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார்.

“ஏன் சார், டிராயிங் கிளாஸா நடத்துதீக?”

“பேஜ்ல இருக்கறதத்தான் எழுதியிருக்காங்க சார்.”

முதலாளி போனில் பக்கத்தைத் திறந்தார். ‘பட்டன் வரவழைக்கக் கீழ்க்கண்டவாறு எழுதவும்’ என்று இருந்தது. கீழே ஒரு பட்டன் இருந்தது. ‘தலைப்பு வரக் கீழ்க்கண்டவாறு எழுதவும்.’ கீழே பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு. எப்படி எழுதுவது என்பது மட்டும் எங்கேயும் இல்லை. ஒரு கொக்கிகூட இல்லை. பக்கம் வெளியே வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அத்தனை பேர் அதைப் பார்த்து எழுதியிருந்தார்கள். சார் அத்தனை டிக் போட்டிருந்தார்.

“பட்டன் இருக்கு சார். கோடு எங்க?” என்றார் முதலாளி. கோடு என்றால் அந்தக் கொக்கி போட்ட எழுத்து.

சார் யோசிக்கவே இல்லை. “டைப்பிஸ்ட் விட்டிருக்கும். நான் நோட்ல தெளிவா எழுதித்தான் குடுத்தேன், பாருங்க. எட்டாவது படிச்ச ஆள வச்சு கோடிங் போடச் சொன்னா இப்படித்தான் சார் ஆகும்.”

முதலாளி என்னைப் பார்த்தார். “ஏம்மா?”

“விடல.”

“விடாம எங்க போச்சு? காக்கா தூக்கிட்டுப் போச்சா?”

“நான் வரி விட்டதில்ல சார்.”

“சனிக்கிழமை வாரேன். அதுக்குள்ள அம்புட்டும் பக்கத்துல வந்திருக்கணும். வரலைன்னா வேற ஆள் பாத்துக்கிடுதேன். கோவிச்சுக்கிடாத.”

கோபித்துக்கொள்ளவில்லை. வேலை போனால் வேறு வேலை. ஆனால் வரி விடுகிற கை என்று பெயர் வந்துவிட்டால், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலும் என்னிடம் காகிதம் கொடுக்க மாட்டார். ராஜபாளையத்தில் சொன்ன சொல் எனக்கு முந்தின பஸ்ஸில் போய் இறங்கியிருக்கும்.

புதன்கிழமை காலையில் பெட்டியைத் திறந்தேன். நான் அடித்தது அதற்குள் அப்படியே இருந்தது. சாரின் நோட்டைப் பக்கத்தில் வைத்துத் தனியாகவே ஒப்புப் பார்த்தேன். நானே வாசித்து நானே விரல் வைத்தேன். பதினோரு பக்கத்தில் ஒரு கொக்கி குறையவில்லை. நீலப் பட்டனை அமுக்கினேன். வெளியே வந்த பக்கத்தில் ஒரு கொக்கியும் இல்லை.

உள்ளே இருக்கிறது. வெளியே இல்லை. நடுவில் எதுவோ தின்கிறது. இதைப் பார்க்க டிகிரி வேண்டாம்.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அது கேஷ்மா. பழைய பக்கத்தையே காட்டுது. கண்ட்ரோல் அமுக்கி எஃப் அஞ்சு அடி.”

அடித்தேன். வரவில்லை.

“நெட் ஸ்லோ.”

காத்திருந்தேன். வரவில்லை.

“உன் சிஸ்டம் பழசு. என் சிஸ்டத்துல பாரு.”

அவர் சிஸ்டத்திலும் வரவில்லை. சார் செத்த நேரம் மோவாயைத் தடவினார். பிறகு ஐடியா என்றார். நோட்டில் இருந்ததைத் தன் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் அடித்தார். ஸ்கிரீனைப் போனால் போட்டோ எடுத்தார். பதினான்கு போட்டோ. அதைப் பக்கத்தில் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். ஸ்கிரீன் கண்ணாடியில் மேலே சுற்றுகிற ஃபேன் தெரிந்தது. ட்யூப்லைட் தெரிந்தது. சாரும் தெரிந்தார்.

மத்தியானம் தளவாய்புரத்துக்காரி போனில் போட்டோவைப் பெரிதாக்கி, இப்படியும் அப்படியும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“யக்கா, இந்த மூணாவது வரி மேல சார் முழங்கை நிக்கி. செத்த ஒதுங்கச் சொல்லுங்களேன்.”

“போட்டோவுல எப்படி ஒதுங்குவாரு?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“அதையும் வரஞ்சுருவோமா, இல்ல விட்டுருவோமா? டிக் வேணும்ல.”

சாருக்குக் காது கேட்டது. கேட்காதது மாதிரி இருந்தார். பாடம் வந்துவிட்டதே, போதாதா என்று என்னிடம் சொன்னார். அவருக்குப் போதும். போட்டோவைப் போட்டால் பாடம் வந்துவிடும். நான் விட்டேன் என்பதும் அப்படியே நின்றுவிடும்.

பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு வெற்றுப் பக்கம் எடுத்தேன். ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். வெறும் வார்த்தை வந்தது. தனிக் கொக்கியும் வந்தது. கொக்கிக்குள் இங்கிலீஷ் வார்த்தை வைத்தேன். காணோம். கொக்கிக்குள் தமிழில் வணக்கம் என்று வைத்தேன். கொக்கியோடு வந்து நின்றது. அதற்குத் தமிழ் தெரியவில்லை. தெரியாததைத் தொடாமல் விட்டுவிட்டது. சாரைவிட யோக்கியம்.

அப்போது எங்கள் பழைய கடை ஞாபகம் வந்தது. வக்கீல் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல டைப் அடிப்போம். நடுவில் ‘அடுத்த பாரா’ என்பார். நாம் அதை அடிக்க மாட்டோம். வரியை இறக்கி அடுத்த பாராவை ஆரம்பிப்போம். ‘அடிக்கோடு’ என்பார். கோடு போடுவோம். ஒருத்தி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எல்லாவற்றையும் அடித்து வைத்திருந்தாள். ‘மனுதாரர் கமா மேற்படி சொத்தில் அடுத்த பாரா’ என்று மனு முழுக்க அப்படியே இருந்தது. வக்கீல் வாசித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், செத்த நேரம் எழுந்திருக்கவில்லை.

இதுவும் அதுதான். கொக்கிக்குள் இருப்பது சொல்ல வேண்டிய செய்தி இல்லை. செய்ய வேண்டிய வேலை. பட்டன் போடு என்றால் போடுகிறது. தலைப்பைப் பெரிதாக்கு என்றால் ஆக்குகிறது. சொன்னதைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. தேர்ந்த டைப்பிஸ்ட். அதன் மேல் குற்றம் இல்லை. ‘இதைச் செய்யாதே, எழுத்தாகக் காட்டு’ என்று அதற்குச் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும். இரண்டு டிகிரிக்கு அது தெரியவில்லை. முடிக்காத மூன்றாவதில் வருமோ என்னவோ.

வியாழக்கிழமை, இதே பாடம் இங்கிலீஷில் இருக்கும் வேறொரு பக்கத்தைத் தேடி எடுத்தேன். அங்கே கொக்கியோடு கோடு தெரிந்தது. வரிவரியாக நின்றது. மௌஸின் வலதுபக்கம் அமுக்கினால் ஒரு பட்டியல் வரும். அதில் பக்கத்தின் அசலைக் காட்டும் வரி ஒன்று உண்டு. முன்பு ஒருமுறை கை தவறி அமுக்கிவிட்டுப் பயந்து மூடியிருக்கிறேன். இந்தத் தடவை வேண்டுமென்றே அமுக்கினேன்.

வெளியே கொக்கி தெரிந்த இடத்தில் உள்ளே கொக்கி இல்லை. ஷிப்டோடு ஏழாம் எண்ணை அடித்தால் வரும் அண்ட் குறி, எல், டி, அரைப்புள்ளி என்று நான்கு எழுத்து இருந்தது. எதிர்க் கொக்கிக்கு எல் போய் ஜி. கோடு ஆரம்பிக்கும் முன்னால் கொக்கிக்குள் பி, ஆர், ஈ. முடிந்ததும் அதே, ஒரு சாய்கோட்டோடு. எல், டி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அசலில் உள்ளபடி அடித்தேன்.

வந்தது. கொக்கியோடு வந்தது. வரிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், விட்ட இடம் விட்டபடி நின்றன.

பதினோரு பக்கத்தையும் நோட்பேடில் போட்டுக் கொக்கிகளை ஒரே அடியாக மாற்றினேன். பாடத்தின் கடைசியில் அண்ட் குறியே வரும் இடம் ஒன்று இருந்தது. வட்டத்துக்குள் சி போடுவதற்கு. அதற்கும் அந்த இங்கிலீஷ் பக்கத்தில் வழி இருந்தது. அண்ட் குறிக்குப் பின்னால் ஏ, எம், பி, அரைப்புள்ளி. அதையும் ஒரே அடியாக மாற்றினேன். மொத்தமும் கெட்டது. கொக்கிக்காக நான் வைத்த அண்ட் குறிகளும் சேர்ந்து மாறிவிட்டன. பக்கம் முழுக்க எல், டி, எல், டி என்று நின்றது. அண்ட் குறியை முதலில் மாற்றியிருக்க வேண்டும். கொக்கி பிறகு. புத்தி அதற்குப் பின்னால்தான் வந்தது. ஒரு பகல் வேலை போயிற்று. என்னைத் திட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இரண்டாம் தடவை அடிக்கும்போது வேறு ஒன்று கண்ணில் பட்டது. அந்த இங்கிலீஷ் பக்கத்தில், திறந்த ஒவ்வொன்றும் சாய்கோடு போட்டு மூடியிருந்தது. பட்டன் என்று திறந்தால் பட்டன் என்று மூடியிருந்தது. சாரின் நோட்டில் ஐந்து இடத்தில் திறந்தது திறந்தபடி கிடந்தது. ஒரு இடத்தில் திறந்தது ஒன்று, மூடியது வேறொன்று. நான் திருத்தவில்லை. அது என் வேலை இல்லை. அந்த ஆறு இடத்திலும் கோடுக்குக் கீழே வரி எண்ணைப் போட்டு, ‘அசலில் உள்ளபடி’ என்று அடித்தேன். பழைய பெட்டியைத் தொடாமல் புதுப் பெட்டியில் போட்டு நீலப் பட்டனை அமுக்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் முதலாளி வந்தார். கிளாஸ் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தைப் பெரிய ஸ்கிரீனில் போட்டேன். முதலாளி பார்த்தார்.

“கோடு வந்துருச்சே. நல்லாருக்கு.”

“நான்தான் சார் வழி சொல்லிக் குடுத்தேன். விட்டத எல்லாம் திரும்ப அடிக்கச் சொன்னேன்” என்றார் சார்.

நான் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் அந்த ‘விட்டத’ என்பதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

“ஒப்புப் பாத்துருவோம் சார்” என்றேன்.

“என்னது?”

“உங்க நோட்ட நீங்க வாசிங்க. நான் பழைய பெட்டியில விரல் வைக்கேன். அன்னைக்கு அடிச்சது அழிக்காம இருக்கு. எது விட்டிருக்குன்னு முதலாளி பாக்கட்டும்.”

“இப்ப எதுக்கும்மா அது? டைம் வேஸ்ட்.”

“எனக்கு டைம் இருக்கு சார். வாசிங்க” என்றார் முதலாளி. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சார் நீள நோட்டைத் திறந்தார். கொக்கி, பட்டன், கொக்கி என்று வாசித்தார். நான் விரல் வைத்தேன். இரண்டு பக்கம் போனது. ஒன்றும் விடவில்லை. மூன்றாவது பக்கத்தில் சார் ஒரு வரியை வாசித்துவிட்டு, மூடும் சாய்கோட்டையும் சேர்த்து வாசித்தார்.

“அது நோட்டுல இல்ல சார்” என்றேன்.

“இருக்கும்மா.”

“காட்டுங்க” என்றார் முதலாளி.

சார் நோட்டைத் திருப்பவில்லை. முதலாளி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பார்த்தார். நிமிர்ந்து பெரிய ஸ்கிரீனைப் பார்த்தார். அந்த இடத்துக்குக் கீழே இருந்ததை விரலால் காட்டினார்.

“இதென்னம்மா, அசலில் உள்ளபடி?”

“அசல்ல தப்பு இருந்தா அப்படிப் போடணும் சார். நகல் அடிக்கிற முறை.”

“இந்த மாதிரி எத்தனை எடத்துல போட்டுருக்க?”

“ஆறு.”

தளவாய்புரத்துக்காரி வாயைப் பொத்தினாள். பொத்தியும் நிற்கவில்லை. “ஏட்டி, இல்லாதத இருக்குன்னு வாசிக்காருடி சாரு. அன்னைக்கு இருக்கறத இல்லன்னுல்ல சொன்னாரு” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். மெதுவாகச் சொல்வதாக அவளுக்கு நினைப்பு.

முதலாளி சிரிக்கவில்லை. நோட்டைச் சாரிடம் கொடுத்தார். “மிச்சத்தையும் வாசிங்க சார். உள்ளத மட்டும் வாசிங்க” என்றார்.

சார் பதினோரு பக்கமும் வாசித்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு வாசித்தார். நான் விட்ட வரி ஒன்றுகூட இல்லை. முடிந்ததும் முதலாளி எழுந்தார்.

“சரிம்மா. அந்த ஆறையும் எடுத்துரு. பாக்கிறவன் என்ன நினைப்பான்?”

“சார் நோட்டத் திருத்தட்டும். எடுத்துருதேன்.”

முதலாளி சாரைப் பார்த்தார். சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். டிக் போடும் அதே சிவப்புப் பேனா. ஐந்து இடத்தில் சாய்கோடு போட்டு மூடினார், ஆறாவதில் வார்த்தையை மாற்றினார். நான் நகலில் ஆறு இடத்தையும் மாற்றினேன். ‘அசலில் உள்ளபடி’யை எடுத்தேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. முதலாளியும், வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஆள் வரவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் நான்தான் அடிக்கிறேன்.

திங்கட்கிழமை சார் அடுத்த பாடத்தைக் கொண்டுவந்தார். நோட்டை மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

“தப்பு ஏதும் இருக்கான்னு பாத்துட்டு அடிங்கம்மா” என்றார். அதுவரை வா, போ, அடி என்றுதான் பேசுவார்.

“பாக்கிறது என் வேலை இல்ல சார். அடிச்சதும் கூப்பிடுதேன். ஒப்புக்கு வாங்க.”

வந்தார். இப்போதும் வருகிறார். சத்தமாக வாசிக்கிறார்.

எல்லாரும் பட்டன் பாடத்தைப் புதிதாக எழுதினார்கள், கோடோடு. தளவாய்புரத்துக்காரி எழுதி முடித்துவிட்டு, பழைய பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஸ்கேல் வைத்த கட்டம். பென்சில் நிழல். வெரி குட்.

“யக்கா, இதைக் கிழிச்சிரவா?”

“இருக்கட்டும்” என்றேன். “சார் டிக் போட்டிருக்காரு.”